தொடாமல் ஓட்டுவது

ரோபோ போட்டியின் அரையிறுதிக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. அணியின் மேசையில் வெண்மதி மட்டும் உட்கார்ந்து, ரோபோவின் கையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் கிடந்தது.

அவள் அணியில் இன்னும் மூன்று பேர். இசக்கி, ரெஹானா, ஸ்டெல்லா. அவர்கள் அரங்கின் மறுகோடியில் வேறொரு கல்லூரிப் பெண்களோடு நின்றிருந்தார்கள். அவர்கள் சிரிப்பது இங்கு வரை கேட்டது.

பாலிடெக்னிக்கில் அவர்களுக்கு ரோபோ சொல்லித்தரும் பியூலா மிஸ் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இத முழுக்க நான்தான் செஞ்சேன். காலைல எல்லா ஆட்டமும் நான்தான் ஓட்டினேன். ஜெயிச்சதும் அவங்க மூணு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. நான் ரிமோட்ட வச்சுக்கிட்டு நின்னேன். ஏன் மிஸ்?"

மிஸ் வெண்மதியின் கழுத்திலிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றினார். அது ஓட்டுபவருக்கானது. அதற்குப் பதில் ஒரு நீல அட்டையை மாட்டினார்.

நீலம் பயிற்சியாளருக்கு. ஓட்டுபவரின் பக்கத்தில் நின்று வாயால் சொல்லலாம். ரிமோட்டைத் தொட்டால் அணி வெளியே.

"வேணாம் மிஸ். அப்ப யார் ஓட்டுவா?"

"இசக்கி."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது!"

"ஆமா," என்றார் மிஸ்.

சிவப்பு அட்டையைப் பார்த்ததும் இசக்கி கண்ணை விரித்தாள். "'தொடாதேம்மா' சம்மதிச்சிட்டாங்களா?"

அணிக்குள் வெண்மதியின் பெயர் அதுதான். யார் ரோபோ பக்கம் கை நீட்டினாலும் அவள் சொல்லும் முதல் வார்த்தை.

அரையிறுதியின் மூன்று ஆட்டங்களில் முதலாவது தொடங்கியது. ரோபோ பந்தை எடுத்தது. கூடை வரை போனது. அங்கே விளிம்பில் கை மாட்டிக்கொண்டது.

"அத விடுட்டி!"

"எத?"

"அதான்... அந்த... இப்படி!" வெண்மதியின் விரல்கள் காற்றில் எதையோ அமுக்கின.

"இத்தன பட்டன் இருக்கு. பேரச் சொல்லு!"

பெயர் இல்லை. விரலுக்குத் தெரிந்த எதற்கும் அவள் பெயர் வைத்ததில்லை. யாரிடமும் சொல்ல வேண்டி வந்ததில்லை.

மணி அடித்தது. தோற்றார்கள். இன்னொன்றும் தோற்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

வெண்மதி நீல அட்டையைக் கழற்றி மிஸ்ஸிடம் நீட்டினாள்.

"நான் ஓட்டியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருப்பீங்க."

"அப்ப சிவப்பக் குடுங்க."

மிஸ் இசக்கியிடமிருந்து அட்டையை வாங்கி மேசைமேல் வைத்தார். "எடுத்துக்கோ."

அவள் எடுப்பதற்குள் இசக்கி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கையில் ரிமோட். கண் சிவந்திருந்தது.

"ஏட்டி, திட்டாம சொல்லு. இந்த மஞ்சள் பட்டன் எதுக்கு?"

"பிடியத் தளர்த்த."

"இது?"

"கை மேல போக. பாதில நிக்கும். மறுபடி அமுக்கணும்."

"எதுக்கு நிக்கணும்?"

"ஒரே மூச்சுல போனா மோட்டார் சூடாயிரும். நான்தான் அப்படி வச்சேன்."

"இதெல்லாம் எப்படி யோசிச்ச?" என்று ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள்.

இதுவரை யாரும் வெண்மதியிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னாள். மெதுவாக ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ரெஹானா நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். ஒன்றுக்கு வெண்மதிக்கே விடை தெரியவில்லை.

ஒலிபெருக்கியில் அணியை அழைத்தார்கள்.

ஸ்டெல்லா ரோபோவின் அருகே கையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "தூக்கலாமா?"

வெண்மதி தலையசைத்தாள். ரெஹானாவும் ஸ்டெல்லாவும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

சிவப்பு அட்டை மேசைமேல் இருந்தது. வெண்மதி அதை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு இசக்கியின் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

இசக்கி ஓடினாள். வெண்மதி நீல அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், தோத்துட்டா?"

"தோத்தா, அழறதுக்கு நாலு பேர் இருப்பீங்க."