காகிதப்பூவுக்குக் கீழே ஒரு சம்பந்தம்

மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு வெளியூர் போயிருந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர் பூலாங்குறிச்சியில் இருந்தார்கள். மூத்தவன் பூமிராஜ், நடுவுள்ளவன் சுடலை, கடைக்குட்டி இசக்கி.

இசக்கியின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம், வாசல் கேட்டுக்கு மேலே காடாகப் படர்ந்துகிடந்த காகிதப்பூச் செடிதான். போன தையில் வீடு பார்க்க வந்த பெண்ணின் பெரியப்பா குனிய மறந்தார். முள் அவருடைய டோப்பாவைப் பிடுங்கிக்கொண்டது. மனுஷர் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு போனவர்தான், சம்பந்தமும் அதோடு போனது. டோப்பா இன்னும் கொப்பில் தொங்குகிறது. அதற்குள் ஒரு தேன்சிட்டு குடும்பம் நடத்துகிறது. அதைப் பார்த்தாலே இசக்கிக்கு வயிறு எரியும்.

இன்றைக்கு வேறொரு பெண் வீட்டார் வருகிறார்கள். அக்கா செல்லக்கனி ஜாங்கிரி வாங்கப் புறப்படும்போதே சொல்லிவிட்டாள்.

"ஏலே, செடியக் கொஞ்சம் ஒதுக்கி விடுங்க. இசக்கி கீழ நின்னா தலையில இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பூத்த கொப்பைத் தொட்டீங்க, கையை முறிச்சிருவேன்."

ஏணியும் அரிவாளுமாக வந்தார்கள். இசக்கி கீழே நின்றான். இடித்தது. ஏணியில் ஏறினான். தலை செடிக்கு மேலே போய்விட்டது.

"இப்ப இடிக்குதால?" என்றான் பூமிராஜ்.

"இல்லண்ணே."

"மேல போனா இடிக்கல, தரைக்கு வந்தா இடிக்கி. அப்பம் தப்பு யார் மேல?"

சுடலை வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். "தரை மேலதான்."

செடியிலோ பூக்காத கொப்பு ஒன்றுகூட இல்லை. அரிவாளைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள்.

முழங்காலளவு தோண்டியதும் இசக்கியின் நெற்றி தப்பித்தது. சுருட்டை முடி மட்டும் மாட்டியது.

"முடியும் தலையில சேர்த்திதாம்ல," என்றான் சுடலை. இன்னும் தோண்டினார்கள். தன் வீட்டு வாசலில் இசக்கி நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து, பெண்ணின் அப்பா தளவாய் தன் இரண்டு மச்சான்களோடு வந்து சேர்ந்தார். டோப்பாவைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். இதுவும் போச்சு என்று இசக்கி மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"மாப்பிள்ளைக்கு இடிக்காது, சரி," என்றார் தளவாய். "எம்மவ அவரைவிட ஒரு சாண் ஒசரம். அவ தலைக்கு யாருய்யா பொறுப்பு?"

இப்படியொரு விவரமான மாமனார் கிடைப்பாரென்று இசக்கி கனவிலும் நினைக்கவில்லை. தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்தார். மச்சான்களும் குதித்தார்கள்.

சாயங்காலம் செல்லக்கனி ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தாள். வாசலில் மலைபோல மண். செடியில் ஓர் இலைகூடக் குறையவில்லை. ஆளைத்தான் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் பேச்சு கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, மேல ஏறி வாங்கல."

"ஏறினா தலையில இடிக்குமேக்கா," என்றான் இசக்கி, முகமெல்லாம் மண்ணும் மாப்பிள்ளைக் களையுமாக. "சம்பந்தம் முடிஞ்சிட்டு. குடித்தனத்துக்கு இங்கனயே ரெண்டு ரூம் தோண்டுதோம். புது வீட்டு வாசல்தான் மொட்டையா இருக்கு. வரும்போது நட்டு வைக்க அந்தச் செடியில ஒரு கொப்பு ஒடிச்சிட்டு வா. பூக்காத கொப்பாப் பாத்து."