குத்தக் குத்த இறுகிய குட்டி

குளிர் விடாத ஒரு மலைக்காட்டில் பஞ்சி என்றொரு செம்மறியாடு இருந்தது, குழந்தைகளே. அதற்கு எதைக் கண்டாலும் சந்தேகம். ஓடைத் தண்ணீரைக்கூட மோந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கும்.

முட்செடிகளில் சிக்கி நிற்கும் தன் ரோமம் காணாமல் போவதைப் பஞ்சி கவனித்தது. யார் எடுக்கிறார்கள்? எதற்கு?

ஒரு நாள் புதரில் ஒளிந்திருந்து பார்த்தது. முள்ளம்பன்றிதான் பொறுக்கிக்கொண்டு போனது! சத்தமில்லாமல் பின்னால் போய் அதன் வளைக்குள் பஞ்சி எட்டிப் பார்த்தது.

உள்ளே ரோமத்தால் ஆன ஓர் ஆட்டுக்குட்டி! காது, கால், வால் எல்லாம் பஞ்சியின் ஒரே குட்டியான துள்ளியைப் போலவே இருந்தன. தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு முள்ளம்பன்றி அந்தக் குட்டியைக் குத்தியது. சதக், சதக், சதக்! கழுத்தில் ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து.

திரும்பி ஓடிய பஞ்சியை வழியில் நரி நிறுத்தியது. "என்ன அக்கா, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது?"

பஞ்சி கண்டதைச் சொன்னது. நரி உச்சுக் கொட்டியது.

"அது ஒத்திகை அக்கா! இன்று பொம்மை, நாளை உன் பிள்ளை. துள்ளியை மாலையில் என் குகையில் விட்டுவிடு. கண்ணுக்குள் வைத்துக் காப்பேன்."

"அவ்வளவு நல்லவனா நீ?"

"நம்பினால் நம்பு. ஏதாவது ஆனபின் என்னிடம் வந்து அழாதே."

பஞ்சிக்குப் புல் இறங்கவில்லை. கடைசியில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு முள்ளம்பன்றியின் வளை வாசலில் போய் நின்றது.

"என் குட்டியைப் போல் ஒன்றைச் செய்து வைத்து ஏன் குத்துகிறாய்?"

முள்ளம்பன்றி அதிகம் பேசாத பிராணி. "என் மகளோடு யாரும் விளையாட வருவதில்லை. முள் குத்துமாம்," என்றது. "குத்தினாலும் வலிக்காத ஒரு தோழியைச் செய்கிறேன்."

"குத்தினால் ரோமம் பிய்ந்துபோகாதா?"

"இறுகும். தூக்கத்தில் என் முதுகில் ஒட்டிய ரோமம் ஒருமுறை புரளப் புரள உருண்டையாகிவிட்டது. பிய்க்கவே முடியவில்லை. அப்படித்தான் இந்த வேலை பிடிபட்டது. முள்ளின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டிருக்கிறேன், பார். அது ரோமத்தை உள்ளே இழுத்துப் பின்னிவிடும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நரி சொன்னதும் கேட்க நன்றாகத்தானே இருந்தது? பஞ்சி யோசித்தது.

"இந்தப் பொம்மையை இன்று மாலை மட்டும் கொடு."

முள்ளம்பன்றி தயங்கித் தயங்கிக் கொடுத்தது.

பொழுது மங்கியதும் பஞ்சி பொம்மையைக் குகை வாசலில் படுக்க வைத்தது. "தம்பி, துள்ளி தூங்குகிறது. பத்திரம்!" என்று குரல் கொடுத்துவிட்டு, பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது.

நரி வெளியே வந்தது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. ஒரே பாய்ச்சலில் பொம்மையின் தலையைக் கவ்வியது!

பல் உள்ளே போனது, வெளியே வரவில்லை. இறுகிய ரோமம் பல்லிடுக்கெல்லாம் மாட்டிக்கொண்டது. நரி உதறியது, உருண்டது, புரண்டது.

பஞ்சி பாறையை விட்டு வெளியே வந்தது. "கண்ணுக்குள் வைத்துக் காப்பதாகச் சொன்னாய். இது வாயல்லவா?"

"ம்ம்... ம்ம்ம்..." என்று முனகிய நரி, கால்களால் உந்தித் தள்ளி, பொம்மையின் ஒரு காதைப் பிய்த்துக்கொண்டு ஓட்டம் பிடித்தது. அதன்பின் அந்த மலைப்பக்கமே அது தலைகாட்டவில்லை.

பஞ்சி பொம்மையைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து வந்தது. "உன்னைக் கொலைகாரன் என்று நினைத்துவிட்டேன், அண்ணா."

முள்ளம்பன்றி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "ஒரு காதைக் காணோமே!"

பஞ்சி திரும்பி நின்று முதுகைக் காட்டியது. "வேண்டிய ரோமத்தை எடுத்துக்கொள். அந்த முள்ளை மட்டும் கீழே வைத்துவிட்டு எடு!"

நீதி: ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அவரிடமே கேள், அந்தச் சந்தேகத்தை ஊதி வளர்ப்பவரைச் சோதித்துப் பார்.