சிவகாமு காட்டின காத்து

கோத்தகிரிக்கு மேல ஒரு காலனியில சிவகாமுன்னு ஒருத்தி இருந்தா, தேயிலை பறிக்கிறவ. அங்க குளிர்னா, தேங்காயெண்ணெயை அடுப்போரம் வச்சாத்தான் தலைக்கு வரும். அவ மக அப்பத்தான் பிள்ளை பெத்து வந்திருந்தா. பச்சப்பிள்ளை வெடவெடன்னு நடுங்குது. வீட்டுச் சந்தெல்லாம் அடைச்சு, ஓட்டுக்கடியில பலகை போட கவர்மெண்ட்டு பணம் தருதுன்னு கேட்டு மனு போட்டா.

பாக்க வந்தவர் ஆபீசர் தணிகாசலம். கல்யாணத்தன்னிக்கு மாமனாரு செஞ்சு குடுத்த தாலியையே உரசிப் பாத்துத்தான் கட்டினாராம். அந்த மனுசன் இன்னும் பொருமுறாரு, அது கெடக்கட்டும். அவர் கம்பளிக் குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துக்கிட்டு, "சந்து எதுவும் தெரியலியே. காத்து போறதைக் கண்ணால காட்டு, கையெழுத்துப் போடுறேன்"னாரு. இதையே கேட்டுத்தான் காலனியில மத்த பதினோரு வீட்டு மனுவையும் திருப்பி விட்டிருந்தாரு.

"அப்ப வெளிய வந்து நில்லுங்கய்யா"ன்னா சிவகாமு. மகளையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டுல விட்டா. பிள்ளைக்குத் தலை காயவைக்கிற தூபக்கால்ல கங்கு போட்டு, ரெண்டு கை சாம்பிராணியைக் கொட்டி, உள்ள வச்சுக் கதவைச் சாத்தினா. கொஞ்ச நேரத்துல ஓட்டிடுக்கு, சன்னலோரம், கதவுக்கடின்னு வீடே இட்லிக் குண்டான் மாதிரி புகை விட்டுச்சு.

"இது புகை. நான் கேட்டது காத்து."

"புகைக்குக் காலா இருக்கு, தானா நடந்து வர? காத்துதானேய்யா தூக்கிட்டு வருது."

கூடி நின்ன சனம் சிரிச்ச சிரிப்புல ஆபீசர் கையெழுத்தைப் போட்டுட்டு ஜீப்பைப் பாத்து நடந்தாரு.

"கொஞ்சம் இருங்கய்யா"ன்னா சிவகாமு. அவர் திரும்பினா, பதினோரு வீட்டுக்காரங்களும் அவங்கவங்க வாசல்ல ஆளுக்கொரு தூபக்காலோட நின்னாங்க.