நீர்க்காகத்தின் ஈரச் சத்தியம்

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் நம்மைப் போலவே பேசிப் பழகி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிக்கொண்டிருந்தபோது, நீர்க்காகத்தின் சிறகில் தண்ணீர் ஒட்டாது. வாத்துக்கு இருப்பதுபோல அதற்கும் வால் மூட்டில் நிறைய எண்ணெய் சுரந்தது. காலையும் மாலையும் அலகால் அதைத் தொட்டுச் சிறகெல்லாம் பூசிக்கொள்ளும். முங்கி எழுந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். உடம்பு நனைவது என்றால் என்னவென்றே அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது.

அந்தக் கூட்டத்தில் மருதாயி என்று ஒருத்தி. அகலமான ஓர் ஆற்றின் வடகரையில், மருத மரத்து உச்சியில் அவள் கூடு. கூட்டில் மூன்று குஞ்சுகள், கண் திறந்து நாலு நாள்தான் ஆகிறது. முட்டை பொரியும் முன்பே புருஷனை முதலை கொண்டுபோய்விட்டது. அதனால் இரை தேடுவதும் அவள்தான், ஊட்டுவதும் அவள்தான். விடிந்ததும் கிழக்கே பார்த்துக் கழுத்தைத் தாழ்த்தி, "இன்றைக்கும் என் பிள்ளைகள் வயிறு நிறையட்டும், தாயே" என்று ஆற்றம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் கூட்டை விட்டுக் கிளம்புவாள்.

நீர்க்காகங்கள் மீன் பிடிக்கும் மடு தென்கரையில் இருந்தது. கூடுகளோ வடகரையில். நடுவில் ஓடும் ஆழமான ஆறு நீர்நாய்களுடையது. பறந்தே வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். வாயில் மீனோடு பறந்தால், மேலே வட்டமிடும் பருந்துகள் பறித்துக்கொண்டு போய்விடும். தண்ணீருக்கடியில் நீந்தித்தான் வீட்டுக்கு இரை கொண்டுவர முடியும்.

அந்த வழிக்காக முந்தின தலைமுறையில் பெரிய சண்டை நடந்து, இரண்டு பக்கமும் உயிர்கள் போய், கடைசியில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதற்குச் சாட்சி ஆமையார். ஆண்டுதோறும் ஆற்றில் புதுவெள்ளம் வருகிற நாளில், இரண்டு கூட்டத்தையும் கூட்டி வைத்து, அவர் அதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்வார்: "நடு ஆற்றுத் தண்ணீரும் அதிலுள்ள மீனும் நீர்நாய்களுக்கு. நீர்க்காகங்கள் தங்கள் மடுவில் பிடித்த மீனோடு அந்த வழியே போய்வரலாம். யாரும் மறிக்கக் கூடாது."

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. ஆறு சுருங்கியது. மீனும் குறைந்தது. பசி வந்தால் சந்தேகமும் கூடவே வரும் அல்லவா? முங்கிப் போகிறவர்கள் தங்கள் மீனைத் திருடுகிறார்களோ என்று நினைத்து, நீர்நாய்களின் தலைவன் இருளப்பன் ஒரு காலையில், வாயில் கெண்டையோடு வந்த மருதாயியை நடு ஆற்றில் மறித்தான். உடன்படிக்கையில் போய்வரலாம் என்றுதான் இருக்கிறது, முங்கிப் போகலாம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டான். இனிமேல் நீர்க்காகங்கள் தலை தெரிய மேலாகத்தான் நீந்த வேண்டும், எங்கள் துறையில் நின்று வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். கெண்டையையும் பிடுங்கிக்கொண்டான்.

மருதாயி வெறும் வாயோடு கூட்டுக்குப் போனாள். மறுநாள் தலை தெரிய நீந்திப் பார்த்தாள். நீர்நாய்த் துறையில் நின்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பருந்து ஒரே வீச்சில் மீனைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் பட்டினியில் கடைசிக் குஞ்சு கழுத்தைத் தூக்கவே முடியாமல் கிடந்தது.

அவள் நேரே ஆமையாரிடம் போய் முறையிட்டாள். அவர் நடு ஆற்றுப் பாறையில் இரண்டு கூட்டத்தையும் கூட்டினார். உடன்படிக்கையைச் சொன்னார். முங்கிப் போவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்பது உண்மைதான் என்றார்.

"சொன்னது என்னிடம் இருக்கிறது. சொல்லாததை நான் எங்கிருந்து எடுப்பேன்?"

இருளப்பன் மீசையைத் தடவிக்கொண்டான். மருதாயி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அண்ணே, அந்தப் பேச்சை எதுக்காகப் பேசினாங்க? வடகரைக் குஞ்சுக்குத் தென்கரை மீன் வந்து சேரணும்னுதானே? மேலாகப் போனா மீன் பருந்துக்குத்தான் போய்ச் சேரும். பருந்துக்குச் சோறு போடவா நம்ம பெரியவங்க உடன்படிக்கை செஞ்சாங்க?"

நீர்நாய்க் கூட்டத்திலேயே நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் விடவில்லை. "உங்க ஐயா இந்தப் பாறையில்தான் படுத்து வெயில் காய்வார். எங்க ஆளுங்க அவர் கண்ணெதிரே முங்கிப் போனாங்க. அவர் ஒருநாளும் மறிச்சதில்லை. உடன்படிக்கை செஞ்சவரே அதுக்கு அர்த்தம் அப்படித்தான்னு வாழ்ந்து காட்டிட்டுப் போயிருக்கார்."

ஆமையார் தீர்ப்புச் சொன்னார். முங்கிப் போவதும் வழி போவதுதான். நிறுத்திச் சோதிப்பது மறிப்பதுதான். அதனால் இருளப்பன் செய்தது தவறு. ஆனால் தண்ணீருக்குச் சொந்தக்காரனுக்கு மனதில் சந்தேகம் இருந்தால், வழி போகிறவர் அதைத் தீர்த்து வைக்க வேண்டும். அந்த ஆற்றில் அதற்கு ஒரே வழக்கம்தான். முங்கி எழுந்து, நனைந்த உடம்போடு, உச்சி வெயிலில் பாறையில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். ஆற்றம்மாவின் ஈரம் மேலே இருக்கும்போது யாருக்கும் பொய் வராது என்பது நம்பிக்கை.

இருளப்பன் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். "உன் உடம்புதான் நனையாதே, தங்கச்சி. ஒரு சொட்டு ஈரம் நிக்காத சிறகை வச்சுக்கிட்டு எப்படிச் சத்தியம் பண்ணுவே? அந்தச் சிறகுக்குள்ள எங்க மீன் எத்தனை ஒளிஞ்சிருக்கோ."

நீர்க்காகங்கள் தலைகுனிந்தன. மருதாயி குனியவில்லை. கரைக்குப் பறந்து போனாள். வண்ணார் துணி வெளுக்கிற உவர்மண்ணை வாரி வாரி உடம்பெல்லாம் பூசினாள். அவள் செய்யப்போவது மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த மண் எண்ணெயை அடியோடு எடுத்துவிடும், ஊறிய சிறகோடு தண்ணீரில் இறங்கினால் கல்லாகத்தான் மூழ்குவாய், உன் குஞ்சுகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கெஞ்சினார்கள்.

"என் குஞ்சுங்க திருட்டு மீன் தின்னு வளர்ந்துச்சுன்னு ஒரு சொல் நிக்கக் கூடாது" என்றாள் அவள். வால் மூட்டையும் விடாமல் தேய்த்தாள். கண்ணை மூடி, "தாயே, நீயே தாங்கிக்கொள்" என்று சொல்லி ஆற்றில் பாய்ந்தாள்.

பிறந்ததிலிருந்து தெரியாத குளிர் அவள் தோலைத் தொட்டது. சிறகு கனத்தது. ஆறு அவளை உள்ளே இழுத்தது. கரையில் நின்றவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாறை ஓரத்தில் ஒரு கறுப்புத் தலை எழுந்தது. நகத்தால் பற்றிப் பற்றி மேலே ஏறினாள். நீர் சொட்டச் சொட்ட இரண்டு சிறகையும் அகல விரித்தாள். கழுத்தை நிமிர்த்தினாள்.

"ஆற்றம்மா அறிய, உங்கள் தண்ணீரில் ஓர் அயிரையைக்கூட நான் தொட்டதில்லை. இதோ என் சிறகு. யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள்."

யாரும் வரவில்லை. சிறகு காய்கிற வரைக்கும் அவள் அசையாமல் நின்றாள். வெயில் சாய்ந்தபோது இருளப்பன்தான் முதலில் எழுந்தான். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "புள்ளைங்க பசியா இருக்கும். போம்மா" என்று மெல்லச் சொல்லி, துறையில் நின்ற தன் ஆட்களை ஒதுங்கச் சொன்னான்.

மருதாயி மடுவுக்குப் போனாள். எல்லோரும் பயந்தது மூழ்கிவிடுவாள் என்று. ஆனால் இறங்கியதும் மறுபடி ஊறிக் கனத்த சிறகு அவளை ஆழத்துக்கு அழைத்துப் போனது. மிதந்து மிதந்து மேலே வரும் தொல்லை இல்லை. மற்ற நீர்ப்பறவைகள் எட்டிப் பார்க்காத அடிமடுவில், கொழுத்த விரால்கள் அவளுக்காகக் காத்திருந்தன. நடு ஆற்றின் அடியாகவே நீந்தி வந்து, மூன்று வாயிலும் ஊட்டினாள். முதல் வாய் கடைசிக் குஞ்சுக்கு.

மறுநாள் மற்ற நீர்க்காகங்களும் ஒன்றொன்றாக உவர்மண்ணை எடுத்துப் பூசிக்கொண்டன. நின்றுபோன எண்ணெய் மறுபடியும் சுரக்க வேண்டும் என்று அவற்றில் ஒன்றுகூட ஆற்றம்மாவிடம் கேட்கவில்லை.

அன்று முதல்தான் நீர்க்காகத்தின் சிறகு நனைகிறது. நனைந்த சிறகை மறைவில் போய் உலர்த்தாமல், ஆற்றுக்கு நடுவே, ஊர் உலகம் பார்க்க, அகல விரித்து நிமிர்ந்து நிற்கிறது.