எசமான் கொடுத்த நிழல்

ஊரே வெயிலில் கிறங்கிக் கிடந்த கோடைப் பிற்பகல். கட்டிப்போட்ட நாய்க்கு நிழல் வேண்டும் என்பது ராஜாவின் புதுச் சட்டம். ஜமீன்தாரின் நாயோ வெட்டவெளிக் கம்பத்தில், குட்டைச் சங்கிலியில் வாடிக் கிடந்தது.

"சங்கிலியை நீட்டக் கூடாது, இடத்தையும் மாத்தக் கூடாது. ஆனா ராஜாவோட அதிகாரி சோதிக்க வரும்போது நிழல் இருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை!" என்றார் ஜமீன்தார்.

"அப்போ நீங்க நாய் பக்கத்துல நாற்காலி போட்டு உட்காருங்க, எசமான்," என்றாள் வேலைக்காரி சீனியம்மா.

உட்கார்ந்தார். அவருடைய பெருத்த நிழலுக்குள் நாய் நகர்ந்து வந்து, கண் சொருகித் தூங்கிப்போனது.

அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் மோர் குடிக்க உட்கார்ந்தார். வியர்வை வழிய ஜமீன்தாரும் எழுந்தார்.

"ஐயோ எசமான், நீங்க போனா நிழலும் கூடவே போயிடுமே!"

அதிகாரி திரும்பினார். ஜமீன்தார் பொத்தென்று உட்கார்ந்தார். வெயில் நகர்வதாக இல்லை.

"அடியே," என்று முனகினார், "சங்கிலியை மரம் வரைக்கும் நீட்டித் தொலை!"