மீதி ஏழு எங்கே?

"என் மருந்து செத்துப்போச்சு மேடம்" என்றார் சிங்காரவேலு.

பியூலா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்போ?"

"உங்க சிப்புல போட்டப்போ."

இந்த இருவரில் சீடர் சிங்காரவேலு. வயது ஐம்பத்திரண்டு. ராணிப்பேட்டையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்த வேதியியல்காரர். குரு, அந்தச் சிப்பைச் செய்யும் பியூலா. வயது முப்பத்தாறு. தெற்கே நாசரேத்து ஊர்ப் பெண். இந்தக் கணக்கு நம்மில் பலருக்குத் தொண்டையில் இறங்காது. சிங்காரவேலுவுக்கும் முதல் வாரம் இறங்கவில்லை. இரண்டாவது வாரம் அவர் பியூலா வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு வயதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"முழுசா சொல்லுங்க அண்ணாச்சி."

"என்னத்தைச் சொல்ல? ஆறு வருஷம் மேடம். இருந்த வேலையை விட்டுட்டு வந்து இந்த ஒரே மூலக்கூறைக் கட்டினேன். குழந்தைங்களுக்கு எலும்புல வர்ற புற்றுநோய்க்கு. கண்ணாடித் தட்டுல அந்தச் செல்லுங்க மேல ஊத்தினா ஒண்ணுகூட மிச்சமில்லை. உங்க சிப்புல அதே செல்லு, அதே மருந்து. கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி சொகுசா உட்கார்ந்திருக்குது."

"எத்தனை தடவை ஓட்டினீங்க?"

"நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் நாலு நாள். நாலு தடவையும் மருந்தை முதல்லேர்ந்து புதுசா செஞ்சேன். என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

சிப் என்பது தீப்பெட்டி அளவு தெளிந்த ரப்பர். உள்ளே முடியளவு வாய்க்கால். வாய்க்காலின் தரையில் செல்கள் ஒட்டியிருக்கும். மருந்து கலந்த நீர், ரத்தக்குழாயில் ரத்தம் ஓடுவதுபோல் அவற்றின் மேல் ஓடும். தட்டில் தேங்கிக் கிடக்கும் மருந்தைவிட, ஓடும் மருந்து சொல்வதைத்தான் அந்த ஆய்வு நிலையத்தில் எல்லாரும் நம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை, எந்த மருந்து தொடரும் என்று முடிவு செய்யும் குழு கூடுகிறது. சிப்பில் தோற்ற மருந்துகளின் கோப்புகளை மூடிவிடுவார்கள். அன்று திங்கள்.

பியூலா கண்ணை எடுத்தார்.

"பத்து பங்கு மருந்து உள்ள விட்டீங்க. வெளிய வந்த தண்ணியில எவ்வளவு இருந்துச்சு?"

"மூணு."

"மீதி ஏழு எங்க?"

சிங்காரவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. "வழியில போயிருக்கும் மேடம். நாங்க ஒரு மூலக்கூறு கட்ட பதினாலு படி ஏறுறோம். ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் கருகும், கொஞ்சம் வடிதாள்ல ஒட்டிக்கும். ஒரு கிலோல ஆரம்பிச்சா கடைசியில ஒரு கரண்டிதான் மிஞ்சும். எங்க தொழில்ல அது சகஜம்."

"போயிருக்கும்னா, எங்க போயிருக்கும்?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

பியூலா மறுபடி நுண்ணோக்கியில் குனிந்துவிட்டார்.

*

செவ்வாய் முழுக்க சிங்காரவேலு மீதி ஏழு பங்கைத் தேடினார்.

மருந்தை உள்ளே தள்ளும் ஊசியைக் கழுவி, கழுவிய நீரைச் சோதித்தார். இல்லை. குழாய்களைத் துண்டு துண்டாக வெட்டி ஊறவைத்தார். இல்லை. மருந்து வைத்திருந்த குப்பி, அதன் மூடி, மூடியின் உள்வளையம். எதிலும் இல்லை.

வெளிச்சத்தில் மருந்து கெட்டுப்போகிறதோ என்று ஒரு பாட்டிலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது.

சாப்பிடப் போகவில்லை. வீட்டிலிருந்து வந்த இரண்டு அழைப்புகளை எடுக்கவில்லை. மூன்றாவதை எடுத்து, "ஏழைக் காணோம்" என்றார். மனைவி போனை வைத்துவிட்டார்.

*

புதன் காலை பியூலாவின் முன் வந்து நின்றார்.

"எல்லா இடமும் தேடிட்டேன் மேடம்."

"எல்லா இடமும்?"

"ஊசி, குழாய், குப்பி, மூடி."

"சிப்பு?"

"அது உங்களோடது மேடம்."

சாமி கும்பிடப் போனவன் சாமியிடமே ஆதார் அட்டை கேட்பானா? அந்தக் குரலில்தான் சொன்னார்.

பியூலா எழுந்துபோய் இரண்டு சிப்புகளை எடுத்துவந்தார். ஒன்று சிங்காரவேலுவின் மருந்து நான்கு நாள் ஓடியது. இன்னொன்று வெறும் நீர் மட்டும் ஓடியது.

பிளேடு எடுத்து, இரண்டையும் குறுக்கே நறுக்கினார், வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல. ஒரு சிப் செய்ய மூன்று நாள் ஆகும். கை தயங்கவில்லை.

"உங்க விளக்கைக் கொண்டாங்க அண்ணாச்சி."

புற ஊதா விளக்கு. வேதியியல்காரர்களுக்கு அது இன்னொரு கண். என்ன உருவாகியிருக்கிறது என்று பார்க்க, வெள்ளைப் பூச்சிட்ட சின்னத் தட்டில் ஒரு சொட்டு வைத்து அதன் அடியில் காட்டுவார்கள். தன் மூலக்கூறு அதில் நீலமாக ஒளிர்வதை ஆறு வருடமாக ஆயிரம் தடவை பார்த்தவர் சிங்காரவேலு. ஆனால் தட்டைத் தவிர வேறொன்றை அதன் அடியில் காட்ட அவருக்குத் தோன்றியதே இல்லை.

பியூலா அறை விளக்கை அணைத்தார்.

நீர் ஓடிய துண்டு இருட்டாகவே இருந்தது.

மருந்து ஓடிய துண்டில், வாய்க்காலின் இரு பக்கமும், ரப்பரின் உள்ளே, நீலம்.

"குடிச்சிருக்கு" என்றார் சிங்காரவேலு. "மேடம், சுவர் குடிச்சிருக்கு! செல்லுக்குப் போய்ச் சேரவே இல்லை! என் மருந்து சாகலை!"

துள்ளாத குறை. ஐம்பத்திரண்டு வயது ஆள் மேசையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

பிறகுதான் உறைத்தது. தட்டிய கை அப்படியே நின்றது.

ரப்பர் மருந்தைக் குடிக்கும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். குடிக்காமல் இருக்க வாய்க்காலின் உள்ளே ஒரு பூச்சு பூசலாம் என்று கண்டுபிடித்தது பியூலா. பல நாட்டு ஆய்வகங்களில் அந்தப் பூச்சைத்தான் பூசுகிறார்கள். பியூலா பூச்சு என்றே அதற்குப் பெயர்.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பியூலா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. அதைவிட அதிகமாக ஆர்வம் இருந்தது. அந்த ஆர்வத்தைப் பார்த்தபோது சிங்காரவேலுவுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"நான் ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு கட்டுரை எழுதிட்டேன்" என்றார் பியூலா. "நீங்க நாலு நாள் ஓட்டினீங்க. பூச்சு அதுவரைக்கும் தாங்கலை."

"மேடம், ஒண்ணு செய்யலாம்." சிங்காரவேலு குரலைத் தாழ்த்தினார். "இதைப் பத்திப் பேச வேணாம். என் மருந்தை மட்டும் கண்ணாடி சிப்புல ஓட்டிக் காட்டிடுவோம். குழுகிட்ட இன்னும் ஒரு மாசம் கேப்போம். என் வேலையும் நடந்துடும். உங்க பேருக்கும் ஒண்ணும் ஆகாது."

பியூலா அறை விளக்கைப் போட்டார். போனை எடுத்தார். மறுமுனையில் இயக்குநர்.

"சார், பியூலா பேசுதேன். வெள்ளிக்கிழமை சிங்காரவேலு சாரோட மருந்தை மூடிராதீங்க. மருந்துல தப்பில்லை, சிப்புலதான் தப்பு."

மறுமுனையில் ஏதோ கேள்வி.

"ஆமா சார். என்னோடதுதான்."

வைத்துவிட்டார். கடையில் அரைக்கிலோ தக்காளி சொன்ன குரல் அது. அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இருபது வருடத் தொழிற்சாலை வாழ்க்கையில் எத்தனையோ பெரிய அதிகாரிகளுக்குக் கீழே நின்றவர் சிங்காரவேலு. 'என்னோடதுதான்' என்று ஒருவர்கூடச் சொல்லி அவர் கேட்டதில்லை.

பியூலா மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க."

"நானா? உங்க பூச்சைப் பத்தி நீங்கதானே மேடம் எழுதணும்?"

"நான் எழுதினா, ஆசிரியரின் திருத்தம்னு கடைசிப் பக்கத்துல நாலு வரி போடுவாங்க. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. உங்களை மாதிரி எத்தனை பேர் என் பூச்சை நம்பி நல்ல மருந்தைக் குப்பையில போட்டாங்களோ! அவங்க இதைப் படிக்கணும். பியூலா சொன்னது தப்புன்னு இன்னொரு ஆள் எழுதினா, தேடிப்பிடிச்சுப் படிப்பாங்க."

சிங்காரவேலு விசைகளின் மேல் விரலை வைத்தார். விரல் ஓடவில்லை.

"கண்டுபிடிச்சது நீங்கதான் மேடம். கட்டுரைக்குக் கடைசியில, நன்றின்னு உங்க பேரையாவது போட்டுக்கறேனே?"

"கடைசியில போட்டா யாரு படிப்பா அண்ணாச்சி?" என்றார் பியூலா. "தலைப்புல போடுங்க."