வெதுவெதுப்பான உப்புநீர்

“கத்தி வைக்காம குடலைச் சரிபண்ண எனக்கும் கத்துக்குடுங்க மேடம். நீங்க வந்ததுலேருந்து என் தியேட்டர் காத்து வாங்குது.”

கேட்டவர் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் வேதமாணிக்கம். ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது. அவர் கேட்டது ஸ்கேன் டாக்டர் பல்கீஸிடம். பல்கீஸுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

“நாளைக்கு வாங்க சார். கையைக் கட்டிக்கிட்டு வரணும்.”

மறுநாள் ஷெர்லி என்ற பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை காலை மடக்கி மடக்கி வீறிட்டான். மலத்தில் ரத்தம் போயிருந்தது. சட்டைக் கை உள்ளே மடங்கிக்கொள்வதுபோல, குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டிருந்தது. அது விடுபடாவிட்டால் வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

பல்கீஸ் ஆசனவாயில் மெல்லிய குழாயை வைத்து, வெதுவெதுப்பான உப்புநீரை இறக்கினார். திரையில் வளையத்துக்குள் வளையமாகத் தெரிந்த குடல் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் அடமாக நின்றுவிட்டது.

வேதமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை. மேலே தொங்கிய உப்புநீர்ப் பையைப் பிசையக் கையை நீட்டினார். அறுத்தே பழகிய கை, பாவம், சும்மா இருக்குமா?

பல்கீஸ் அந்தக் கையைப் பிடித்துப் பிள்ளையின் பாதத்தில் வைத்தார்.

“பிசைஞ்சா குடல் கிழிஞ்சிரும் சார்.”

பிறகு விட்ட நீரையெல்லாம் வடியவிட்டார். குடலில் ரத்தம் நன்றாக ஓடுவதைத் திரையில் பார்த்துக்கொண்டார். வீக்கம் கொஞ்சம் அடங்கட்டும் என்று சொல்லி, பிள்ளையை ஷெர்லியின் மடியில் கொடுத்தார்.

பிள்ளை தூங்கிப்போனான். வயிற்றைக் கிழிப்பீர்களா என்று ஷெர்லி வேதமாணிக்கத்திடம் கேட்டாள். இந்த வயிற்றில் கத்தி படவே கூடாது என்று அந்தக் கத்திக்காரர் மனதார வேண்டிக்கொண்டு, பிள்ளையின் பாதத்தைத் தடவியபடி நின்றார்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி நீர் இறங்கியது. குடல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. திரையில் வளையம் மறைந்தது; சொருகிய குடல் விடுபட்டுவிட்டது. சிறுகுடலுக்குள் நீர் குபுகுபுவென்று பாய்ந்தது.

ஷெர்லி வாய்விட்டு அழுதாள். பிள்ளை விழித்துக்கொண்டு வேதமாணிக்கத்தின் சட்டையை நனைத்தான். அவர் துடைக்கக்கூட இல்லை.

ஷெர்லி பிள்ளையோடு வார்டுக்குப் போன பின் வேதமாணிக்கம் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

“நான் வீட்டுல இருந்து பேரனைக் கொஞ்சலாம்போல. இங்க எனக்கு என்ன வேலை மேடம்?”

பல்கீஸ் கையுறையைக் கழற்றினார்.

“போன மாசம் நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப இதே மாதிரி ஒரு பிள்ளை வந்துச்சு சார்.”

“எத்தனை தடவை தண்ணி விட்டீங்க?”

“விடவே இல்ல. ஆம்புலன்ஸ்ல திருநெல்வேலிக்கு அனுப்பிட்டேன்.”

“ஏன்? உங்களுக்குத் தெரியாத வேலையா?”

“தண்ணி விடும்போது குடல் கிழிஞ்சா தைக்க நீங்க பக்கத்துல இல்லையே சார்.”